பதியப்படாத படிவம்: இரணைமடுக் கமக்காரக் குடும்பமொன்றின் மரணச்சொத்து பற்றிய நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சி மாவட்டத்தில் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்துவந்த எழுபத்தொரு வயதுக் கமக்காரர் ஒருவர், 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், காலபோக நெல்லை விற்றுக் காசைக் கையில் எடுத்த சில நாட்களில் மாரடைப்பால் காலமானார். அவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ளனர். மூத்த மகன் 1997இல் கனடாவுக்குச் சென்று ரொறன்ரோவில் வசிக்கிறார். அடுத்தவரான மகளின் கணவர் 2009 மே மாதத்திலிருந்து காணாமற்போனவர். இளைய மகன் மீள்குடியேற்றத்தின் பின்னர் தகப்பனோடு சேர்ந்து வயல் செய்தவர். இப்போது தனியாகச் செய்கிறார். கடன் எதையும் விட்டுச் செல்லாத, ஊரில் மரியாதையுள்ள, காரியங்களை ஒழுங்காகச் செய்பவர் என்று பெயர் எடுத்த மனிதர் அவர். இருந்தும் அவர் விரும்பியது எதுவும் அவர் விரும்பிய வழியில் நடக்கவில்லை.

இது ஒரே வீட்டின் கதையன்று. வன்னியில் பல வீடுகளில் நடப்பவற்றை ஒரு குடும்பமாகக் கோத்து அமைத்த நிகழ்வு இது. தொகைகளும் வட்டி வீதங்களும் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. சட்டங்களும் வரி வீதங்களும் உள்ளவை உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

குடும்பத்தின் ஆதனங்கள்

குடும்பத்தினர் தம்மிடம் இருந்ததை "காணியும் கொஞ்சக் காசும்" என்றே சொல்லிவந்தனர். உண்மையில் இருந்தவை ஐந்து வகை ஆதனங்கள். ஐந்தும் உரியவர் இறந்ததும் ஐந்து வெவ்வேறு வழிகளில் கைமாறுபவை.

முதலாவது, வயல் 2 ஏக்கரும் வீடு நிற்கும் மேட்டுக்காணி 1 ஏக்கரும். இது அரச காணி. இறந்தவரின் தகப்பனுக்கு 1950களில் அனுமதிப்பத்திரம் கிடைத்து, 1980களில் இவர் பெயருக்கு அளிப்புப் பத்திரமாக மாறியது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இதை ஆள்கிறது. இரண்டாவது, 2012இல் கிளிநொச்சி நகரத்தை அண்டி இவர் தம் பெயரில் 6 இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய, உறுதியுள்ள 2 பரப்புக் காணி. அதில் கட்டிய சிறு வீட்டில் மகள் தன் பிள்ளையோடு இருந்து தையல் வேலை செய்கிறார். மூன்றாவது, நிதி நிறுவனம் ஒன்றில் 22 இலட்சம் ரூபா நிலையான வைப்பு. நான்காவது, மனைவிக்குச் சீதனமாக வந்த, சாவகச்சேரிப் பக்கத்திலுள்ள 3 பரப்புக் காணி. ஐந்தாவது, மனைவியின் நகை 12 பவுண்.

இவற்றில் பெறுமதியால் பெரியது நகரக் காணி. பிழைப்புக்குப் பெரியது வயல். இறந்தவர் கவனம் எடுத்ததும் வயலில்தான். அவர் செய்த ஏற்பாடு எங்கே முறிந்தது என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் இருந்த படிவம்

அளிப்புப் பத்திரம் வழங்கப்பட்ட காலத்திலேயே, அப்போது பத்து வயதும் நிரம்பாத மூத்த மகனைப் பின்னுரித்தாளராக, அதாவது தமக்குப் பின் காணிக்கு உரியவராக, நியமித்து அது பதியவும்பட்டிருந்தது. அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். மூத்த ஆண்பிள்ளையின் பெயரை எழுதுவதில் யாரும் இரண்டு முறை யோசிக்கவில்லை. பின்னர் மூத்தவர் நாட்டைவிட்டுப் போனார், யுத்தம் வந்தது, குடும்பம் புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், மெனிக் பாம் முகாம் என்று இடம்பெயர்ந்து 2010இல் திரும்பிவந்து கொட்டிலடித்து மறுபடி வயலைத் திருத்தியது. திருத்தியவர் இளையவர். அதைக் கண்ணால் கண்ட தகப்பன் 2016இல் ஒரு முடிவெடுத்தார்.

அந்த முடிவின் அத்தாட்சி, அவர் இறந்து எட்டாம் நாள் இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்தது. இடப்பெயர்வு முழுவதும் இடுப்பில் கட்டித் திரிந்த அதே பொலித்தீன் பைக்குள், அளிப்புப் பத்திரத்தின் பிரதி, பிறப்புப் பத்திரங்கள், நகரக் காணி உறுதி ஆகியவற்றுடன், நான்காக மடித்த ஒரு படிவம் இருந்தது, மூன்று பிரதிகள். பழைய நியமனத்தை இரத்துச் செய்து இளைய மகனைப் பின்னுரித்தாளராக நியமிக்கும் படிவம். கையொப்பம் இருந்தது, சாட்சிகள் இருந்தனர், சமாதான நீதவானின் முத்திரை ஊதா மையில் தெளிவாக விழுந்திருந்தது. மூன்று பிரதிகளும் பெட்டிக்குள்ளேயே இருந்தன என்பதுதான் சிக்கல். காணிப் பதிவகத்துக்கு ஒன்றேனும் போயிருக்க வேண்டும்.

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு இதில் இளக்கம் காட்டுவதில்லை. இத்தகைய படிவத்தால் செய்யப்படும் நியமனமோ நியமன இரத்தோ, காணி உரியவர் இறப்பதற்கு முன்னர் பதியப்பட்டிருந்தாலொழிய வலிதாகாது. இறந்த பின்னர் கொண்டுபோய்ப் பதிய முடியாது. இறந்தவரின் விருப்பம் என்னவென்று ஊரே சாட்சி சொன்னாலும் பயனில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் 2016ஆம் ஆண்டுப் படிவம் நடக்கவேயில்லை. 1980களின் நியமனமே உயிரோடிருக்கிறது. பின்னுரித்தாளர் ரொறன்ரோவில் இருக்கும் மூத்த மகன்.

அவர் உடனடியாக உரித்தாளராகிவிடுவதுமில்லை. இச்சட்டத்தின்படி, நியமிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் காணிக்கு வருபவர் உயிரோடிருக்கும் வாழ்க்கைத் துணை. நியமிக்கப்படாமல் வரும் துணைக்குக் கிடைப்பது கைகள் கட்டப்பட்ட உரித்து: அவர் காணியில் இருக்கலாம், பயிர் செய்யலாம், அதைக் கைமாற்ற முடியாது, தமக்குப் பின் யாருக்கு என்று நியமிக்கவும் முடியாது, மறுமணம் செய்தால் உரித்து அத்தோடு முடிந்துவிடும். மனைவியையே பின்னுரித்தாளராக நியமித்துப் பதிந்திருந்தால் இந்தக் கட்டுகள் இரா. அவர் பின்னர் நிலைமையைப் பார்த்து இளைய மகனை நியமித்திருக்கலாம். வன்னியில் கணவன்மார் மனைவியின் பெயரைப் படிவத்தில் எழுதத் தயங்குவதற்கு, அவளுக்கு எப்படியும் வரும்தானே என்ற எண்ணமே காரணம் என்று நினைக்கிறேன். வருவது உண்மைதான், அதிகாரமில்லாமல் வரும்.

தாயின் காலத்துக்குப் பின்னர் என்ன நடக்கும்? நியமிக்கப்பட்ட மூத்த மகன் தமக்கு உரித்து வந்து சேர்ந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும். மறுத்தாலோ, ஆறு மாதத்துக்குள் ஆட்சிக்கு வராவிட்டாலோ, நியமனம் தவறியதாகக் கொள்ளப்பட்டு, சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி உறவினர் வரிசை தொடங்கும். அட்டவணை காணியைப் பங்கு போடுவதில்லை, ஒருவரிடமே கொடுக்கும். பிள்ளைகளுக்குள் மூத்தவர் முந்துவார். முன்னர் மகன்மார் எல்லோரும் மகள்மாருக்கு முன்னே வைக்கப்பட்டிருந்தனர். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பேதத்தை அகற்றியது. நல்ல திருத்தம். ஆனால் இக்குடும்பத்தில் அதன் விளைவு, மூத்தவர் விலகினால் அடுத்த இடம் மகளுக்கு. வயலில் நிற்கும் இளையவர் மூன்றாமவர். தகப்பன் விரும்பியது நடக்க வேண்டுமானால் இருவர் விலகி நிற்க வேண்டும்.

இதனால் இளையவருக்கு இன்றைக்கு என்ன குறை என்று கேட்கலாம். அவர்தானே விதைக்கிறார், அவர்தானே வெட்டுகிறார். குறை காகிதத்தில் இருக்கிறது. சிறுபோகத்துக்கு நீர் போதாத ஆண்டுகளில் குளத்தின் கீழுள்ள முழு வயலும் விதைக்கப்படுவதில்லை. யாருக்கு எவ்வளவு என்பது பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படும்போது, பேசவேண்டியவர் காணிக்குரியவர். கமநல சேவை நிலையத்தில் தாயின் பெயரை வைத்துக்கொண்டு மகன் போய் நிற்கிறார். அளிப்புக் காணியைக் குறித்த சில வங்கிகளும் நிறுவனங்களுமே ஈடாக ஏற்கலாம் என்பதால் ஏற்கெனவே வாசல் சிறிது. கைமாற்றும் அதிகாரமற்ற விதவையிடமிருந்து ஈடு பெற அந்த வாசலிலும் ஆளில்லை.

உறுதிக் காணி

நகரக் காணிக்கு இந்த விதிகள் ஒன்றும் பொருந்தா. அது தனியார் காணி. இறந்தவர் வட மாகாணத் தமிழர் என்பதால் அவர்களுக்குரிய வழமைச் சட்டமான தேசவழமையும், அதோடு சேர்ந்த 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் அதை ஆள்கின்றன. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்ததும், 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயர் ஏற்றுக்கொண்டதுமான வழமை அது. பெயரில் யாழ்ப்பாணம் இருந்தாலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எங்கும் அது செல்லும்.

ஒரு விலக்கைச் சொல்லியே ஆகவேண்டும். தேசவழமை மண்ணோடு மட்டுமன்றி ஆளோடும் செல்லும் சட்டம். மாகாணத்தில் நிலையாகக் குடியிருந்த தமிழருக்கு உரியது. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களுக்கு அது பொருந்துமா, பொதுச் சட்டம் பொருந்துமா என்பது ஒவ்வொரு குடும்பத்தின் குடியிருப்பு வரலாற்றை வைத்துத் தீர்மானிக்கப்பட வேண்டியது. பக்கத்துப் பக்கத்து வளவுகளில் இரண்டு சட்டங்கள் இருக்கலாம். அயலவர் செய்ததைப் பார்த்து அப்படியே செய்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

திருமண காலத்தில் தம் உழைப்பால் வாங்கியதால் நகரக் காணி தேடிய தேட்டம். 1947ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மரணசாசனம் எழுதாமல் இறந்தவரின் தேடிய தேட்டத்தில் பாதி உயிரோடிருக்கும் துணைக்கும், மீதிப் பாதி ஏனைய வாரிசுகளுக்கும் சேரும். ஆகவே தாய்க்கு இரண்டில் ஒன்று. மூன்று பிள்ளைகளுக்கும் தலைக்கு ஆறில் ஒன்று. அந்த வீடு மகளுக்கு என்று தகப்பன் எத்தனையோ முறை சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுதிய மரணசாசனம், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் முன்னிலையில் எழுதியது, அந்தச் சொல்லைச் சட்டமாக்கியிருக்கும். இப்போது மகள் தான் குடியிருக்கும் வீட்டில் ஆறில் ஒரு பங்கின் உரித்தாளர்.

பங்கு பிரிக்கப்படாத காணியில் இன்னொரு கயிறும் உண்டு. 1947ஆம் ஆண்டின் தேசவழமை முன்வாங்கும் உரிமைக் கட்டளைச் சட்டப்படி, பங்காளி ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்க எண்ணினால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். குடும்பத்தைக் காக்கும் விதி இது. ஆனால் அவசரத்துக்கு விற்க வேண்டியவருக்கு வாங்குபவர் கிடைப்பதை அரிதாக்கும் விதியும் இதுவே.

மகளின் நிலை

இந்த ஆய்வில் எனக்குப் பெரிதாகப் படுவது மகளின் விடயம். ஆனால் இத்தகைய ஏற்பாடுகளைப் பேசும்போது கடைசியாகவே பேசப்படுவதும் இதுதான்.

தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சொந்த அசையாத ஆதனத்தை உயிரோடிருக்கும்போது விற்கவோ, ஈடு வைக்கவோ, நன்கொடையாகக் கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மரணசாசனத்தால் கொடுக்க மட்டும் அது தேவையில்லை. கணவன் 2009இலிருந்து காணாமற்போயிருக்க, மகள் யாருடைய கையொப்பத்தைக் கேட்பது? சட்டத்தில் ஒரு வழி உண்டு: கணவன் இருக்குமிடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றம் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை தரலாம். அதற்கு ஒரு வழக்கு, ஒரு சட்டத்தரணி, சில தவணைகள். தகப்பன் அந்த வீட்டை முழுமையாக அவருக்கே எழுதியிருந்தாலும் இந்தக் கட்டு இருந்திருக்கும் என்பதைக் குடும்பத்தில் எவரும் அறிந்திருக்கவில்லை.

மற்றொரு வழி, கணவனின் மரணத்தைப் பதிவது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணங்கள் பதிவு செய்தல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் அதற்கு இடம் தருகிறது. மகள் அதற்கு இணங்கவில்லை; இணங்கச் சொல்லும் தகுதி எவருக்கும் இல்லை. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால், மரணம் என்று சொல்லாமல், காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறும் வழி வந்தது. அச்சான்றிதழோடு காணாமற்போனவரின் ஆதனங்களைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும் சமூக நலன்களைக் கோரவும் முடியும். கணவன் பெயரில் சிறு தொகை வங்கிக் கணக்கில் கிடக்கும் பெண்களுக்கு அது உதவி. பத்து ஆண்டுகள் கொடுக்கல்வாங்கல் இல்லாத கணக்கு கைவிடப்பட்ட ஆதனமாகக் கொள்ளப்பட்டு மத்திய வங்கியின் பொறுப்புக்கு மாறும் என்பதால், அந்தக் கணக்குகளின் நிலையை ஒருமுறை வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்வதில் நட்டமில்லை. ஆனால் மகள் தன் சொந்தக் காணியை விற்பதற்கு நீதிமன்றக் கட்டளைதான் வழி.

மணமான பெண்ணுக்குக் கணவனின் கையொப்பம் வேண்டும் என்ற விதி இந்தக் காலத்துக்கு ஒவ்வாதது என்பதே என் கருத்து. ஆயினும் விதி இருக்கும்வரை, அதை அறிந்து திட்டமிடுவதே பெண்ணுக்குப் பாதுகாப்பு. இவ்விடத்தில் தகப்பன் செய்திருக்கக்கூடிய நல்ல ஏற்பாடு, வீட்டை மகளின் பிள்ளைக்கு எழுதி மகளுக்குச் சீவிய உரித்தை ஒதுக்குவது. இருப்பும் வருமானமும் அவளுக்கு. பிள்ளை வயதுக்கு வந்த பின்னர் கைமாற்றும் அதிகாரம் பிள்ளைக்கு. எல்லா மகள்மாருக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன், இவளுக்குப் பொருந்தியிருக்கும்.

முடங்கிய வைப்பும் அடைவுக்குப் போன நகையும்

22 இலட்சம் ரூபா வைப்பு இறந்தவரின் தனிப் பெயரில் இருந்தது. பெயர் குறித்து நியமிக்கப்பட்டவர் எவரும் இல்லை, கூட்டுக் கணக்குமில்லை. வைப்புப் படிவத்தில் நியமனத்துக்கென்று ஒரு பகுதி அச்சிடப்பட்டிருக்கும். அதை வெறுமையாக விட்டுக் கையொப்பமிட்டிருந்தார். நியமனம் இருந்திருந்தால் மரணச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் காட்டி நியமிக்கப்பட்டவர் பணத்தைப் பெறலாம். இல்லாதபோது நிறுவனம் நீதிமன்றக் கட்டளையைக் கேட்டது, கேட்டதில் பிழையில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் மரணச்சொத்து வழக்குத் தொடுக்கப்பட்டு, அறிவித்தல் பிரசுரிக்கப்பட்டு, ரொறன்ரோவிலிருந்து மூத்தவரின் சம்மதக் கடிதம் வரவேண்டியிருந்தது.

இடையில் காலபோகம் வந்துவிட்டது. உழவு, விதைநெல், பசளை, களைநாசினி எல்லாவற்றுக்கும் கையில் காசு வேண்டும். இளையவர் தாயின் நகையை வாங்கிக்கொண்டு போய் 6 இலட்சம் ரூபாவுக்கு அடைவு வைத்தார். ஆண்டு வட்டி நூற்றுக்கு 14 என்று கொண்டால் ஆண்டுக்கு 84,000 ரூபா. அதே நேரத்தில் குடும்பத்தின் சொந்தக் காசு நூற்றுக்கு 8 வட்டியில் முடங்கிக் கிடக்கிறது. நட்டத்தை மிகைப்படுத்தக் கூடாது: வைப்பிலிருந்து 6 இலட்சத்தை எடுத்திருந்தால் அதன் 48,000 ரூபா வட்டி போயிருக்கும், எனவே உண்மை நட்டம் ஆண்டுக்கு 36,000 ரூபா. ஆனால் அடைவுக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு போகத்துக்கு நகையை வைத்து அறுவடையோடு மீட்பது நல்ல கமக்காரனின் பழக்கம். ஆறு மாத வட்டி 42,000 ரூபா, அது செலவுக் கணக்கில் ஒன்று. நெல் விலை விழுந்த போகத்தில் வட்டியை மட்டும் கட்டி அடைவைத் திருப்பி வைக்கத் தொடங்கினால், நகை வீட்டுக்கு வராது. தவணை தவறினால் ஏலத்துக்கும் போகும். இக்குடும்பம் ஒருமுறை திருப்பி வைத்துவிட்டது.

வைப்பைப் பற்றி மற்றொன்று. இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா வரைதான் காக்கும். நூற்றுக்கு அரை வீதம் கூடுதலாகத் தருகிறார்கள் என்பதற்காக முழுத் தொகையையும் ஒரே நிதி நிறுவனத்தில், ஒரே பெயரில் வைத்தது, யாரும் இறக்காவிட்டாலும் பிழையான முடிவுதான். கணவன் பெயரில் ஒன்றும் மனைவி பெயரில் இன்னொன்றுமாக இரண்டு நிறுவனங்களில் வைத்திருந்தால் காப்பும் இருந்திருக்கும். ஒருவர் இறந்தால் மற்றவருடைய பாதியாவது கைக்கு எட்டியிருக்கும்.

இந்த வைப்பில்தான் சகோதரர்களுக்குள் முதற் கசப்பும் வந்தது. தொலைபேசியில் தாயோடு பேசிய மூத்தவர் சொன்னது இது: "நான் அங்க வந்து வயல் செய்யப்போறேனே அம்மா, காணி தம்பிக்குத்தான். ஆனா வைப்பில கிடக்கிறது நான் அனுப்பின காசு எண்டதை மறந்துபோடாதேங்கோ." தாய் மறக்கவில்லை. ஆனால் தகப்பனின் கணக்குக்கு அனுப்பிய காசு தகப்பனின் காசு. அதில் நெல் விற்ற காசும் கலந்து பத்து ஆண்டுகளாகிவிட்டன. அதுவும் தேடிய தேட்டமாகப் பிரியும்போது தாய்க்கு 11 இலட்சம், பிள்ளைகளுக்குத் தலைக்கு 3 இலட்சத்து 66 ஆயிரத்துச் சொச்சம். வெளிநாட்டிலிருந்து அனுப்புபவர் தமக்கென்று சேமிக்க விரும்பினால் தம் பெயரிலேயே கணக்குத் திறக்க வேண்டும். பெற்றாருக்கு அனுப்புவது பெற்றாருக்கே. இதை அனுப்பும்போதே பேசிக்கொள்ளாத வீடுகள்தான் பெரும்பாலானவை.

வரி

வரியைப் பற்றிய பயமே குடும்பத்தினரைப் பல மாதங்கள் தாமதிக்க வைத்தது. அதில் பாதி வீண் பயம். மரணத்தின் பேரில் அறவிடப்பட்ட மரணச்சொத்து வரி இலங்கையில் 1980களிலேயே நீங்கிவிட்டது. வாரிசாகக் காணி கிடைத்ததற்காக எவரும் வருமான வரி கட்டுவதில்லை.

வைப்பு வட்டியில் 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து நூற்றுக்கு 10 நிறுத்திவைத்தல் வரியாகக் கழிக்கப்படுகிறது. முன்னர் அது 5. 22 இலட்சத்துக்கு 8 வீத வட்டி 176,000 ரூபா. கழிவு 17,600 ரூபா. அதே திகதியிலிருந்து தனியாள் வரி விலக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாவாக உயர்ந்துள்ளது. தாயின் மொத்த வருமானம் அதற்கு மிகக் கீழே இருப்பதால், அவர் தம் பங்கு வைப்புக்கு உரிய வெளிப்படுத்துகையை நிறுவனத்திடம் கொடுத்துக் கழிவைத் தவிர்க்கலாம். ஊரில் வயதானவர்கள் இதைக் கேட்பதுமில்லை, சொல்லிக்கொடுப்பாரும் குறைவு.

கவனிக்க வேண்டியது மூலதன ஈட்டு வரி, அதாவது ஆதனத்தை விற்றுப் பெறும் ஈட்டத்துக்கான வரி. நகரக் காணியை 40 இலட்சத்துக்கு விற்றுப் பங்கிட்டால் என்ன என்று ஒரு கட்டத்தில் பேசப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் தனியாட்களுக்கு இதன் வீதம் நூற்றுக்கு 15. மரணத்தால் கைமாறும்போது வரி எழுவதில்லை. ஆனால் இறந்தவரின் அடிப்படைச் செலவே வாரிசுகளுக்கும் அடிப்படையாகும். 2017 செப்டெம்பர் 30இற்கு முன்னர் வாங்கிய காணி என்பதால், அத்திகதியின் சந்தைப் பெறுமதியை அடிப்படையாக எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அன்றைய பெறுமதி 15 இலட்சம் என்று மதிப்பீட்டாளர் சான்று தந்தால் ஈட்டம் 25 இலட்சம், வரி 375,000 ரூபா. சான்று எடுக்காமல் 2012ஆம் ஆண்டு உறுதியில் உள்ள 6 இலட்சத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஈட்டம் 34 இலட்சம், வரி 510,000 ரூபா. ஒரு மதிப்பீட்டு அறிக்கையின் பெறுமதி இங்கே 135,000 ரூபா. விற்பனை உறுதிக்கு வாங்குபவர் கட்டும் முத்திரைத் தீர்வை, முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மீதிக்கு 4 என்ற கணக்கில் 159,000 ரூபா ஆகும். வாங்குபவர் அதை மனத்தில் வைத்தே விலை பேசுவார் என்பதால் அதில் ஒரு பகுதியை விற்பவரே சுமக்கிறார்.

மகள் குடியிருக்கும் வீட்டை விற்க வேண்டாம் என்று இறுதியில் தீர்மானிக்கப்பட்டது. அது வரிக்காக எடுத்த முடிவன்று. எனினும் கணக்கும் அதையே சொல்லியது.

எட்டிய இணக்கம்

2025இல் குடும்பம் ஓர் இணக்கத்துக்கு வந்தது. மூத்தவர் வயற்காணியில் தம் நியமனத்தை ஏற்கப்போவதில்லை என்று சத்தியக்கடதாசி எழுதினார். மகளும் தம் வரிசை உரித்தைத் தம்பிக்கு விட்டு விலகுவதாக எழுதினார். இரண்டும் பிரதேச செயலகத்தின் காணிக் கோவையில் சேர்க்கப்பட்டன. இவற்றின் பலத்தை மிகைப்படுத்தக் கூடாது. தாய் இருக்கும்வரை பின்னுரித்து எழாது. எழும்போது எவரும் மனம் மாறாமல் இருந்தால்தான் இந்தக் காகிதங்கள் பயன்படும். தகப்பன் ஒருநாள் காணிப் பதிவகத்துக்குப் போய்வந்திருந்தால் முடிந்திருக்கும் காரியம், இனி மூன்று சகோதரர்களின் நல்லெண்ணத்தில் எத்தனை ஆண்டுகளோ தங்கி நிற்கப் போகிறது.

மூத்தவர் நகரக் காணியில் தம் ஆறில் ஒரு பங்கைச் சகோதரிக்கு நன்கொடையாகக் கொடுக்க இணங்கி, ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் தம் சார்பில் கையொப்பமிட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினார். 40 இலட்சம் பெறுமதியில் ஆறில் ஒன்று 666,667 ரூபா. நன்கொடை உறுதிக்கு முதல் 50,000 ரூபாவுக்கு நூற்றுக்கு 3, மீதிக்கு 2 என்ற கணக்கில் தீர்வை 13,833 ரூபா. இளையவரும் அவ்வாறே செய்கிறார். தாயின் பாதியை இப்போது மாற்றவில்லை. அதை மரணசாசனத்தால் மகளின் பிள்ளைக்கு, மகளுக்குச் சீவிய உரித்தோடு, எழுதுவதாக முடிவு.

இணக்கத்தின் அச்சாணி தாயின் சாவகச்சேரிக் காணி. வயலையும் நகரப் பங்கையும் விட்டுக்கொடுத்த மூத்தவருக்கு அந்தச் சீதனக் காணியைத் தாய் மரணசாசனத்தால் எழுதியுள்ளார். கணவன் இருந்தபோது அதை விற்கவோ கொடுக்கவோ அவருடைய சம்மதம் தேவைப்பட்டது. விதவையான பின்னர் அந்தத் தடை இல்லை. மூத்தவர் கனடாக் குடியுரிமை பெற்றவராயினும், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி கைமாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், நெருங்கிய உறவினருக்கு மரணசாசனத்தால் செல்லும் காணியைத் தடையிலிருந்து விலக்கியுள்ளது.

வைப்புப் பணம் விடுவிக்கப்பட்டதும் முதலில் அடைவு மீட்கப்பட்டது. தாயின் பங்கில் எஞ்சியது இரண்டு வங்கிகளில் பிரித்து வைக்கப்பட்டு, இரண்டிலும் நியமனப் பகுதி நிரப்பப்பட்டது. ஒன்றில் மகள், மற்றதில் இளைய மகன். இளையவர் தம் பங்கிலிருந்து ஒரு காலபோகச் செலவுக்குப் போதுமான தொகையைத் தொடாமல் தனியாக வைத்திருக்கிறார். நகரக் காணிக்கு 2017 செப்டெம்பர் 30ஆம் திகதிய மதிப்பீட்டு அறிக்கை, விற்கும் எண்ணம் இல்லாதபோதிலும், எடுக்கப்பட்டு உறுதியோடு வைக்கப்பட்டுள்ளது. மகளின் மாவட்ட நீதிமன்ற விண்ணப்பம் இன்னும் தாக்கல் செய்யப்படவில்லை. காணியை விற்கும் தேவை வந்தால் பார்ப்போம் என்கிறார்.